ஒரே நாளில் நிறுத்தாதீர்கள்
ஸ்டீராய்டு மாத்திரைகள் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரை, அவற்றின் பக்கவிளைவுகளை விரிவாகச் சொல்கிறது. திடீரென நிறுத்துவதன் ஆபத்துக்கு ஒரே வரிதான். அது போதாது. குலசேகரத்தில் ரப்பர் பால்வெட்டுக்குப் போகும் என் சித்தப்பா, மூட்டுவலிக்காக மாதக்கணக்கில் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டார். முகம் உப்பியதும் பயந்துபோய் ஒரே நாளில் விட்டுவிட்டார். நான்காம் நாள் வாந்தி, மயக்கம். ரத்த அழுத்தம் மிகவும் இறங்கிவிட்டது.

வெளியிலிருந்து மருந்து வந்துகொண்டே இருந்தால், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, அட்ரீனல் சுரப்பியைத் தூண்டும் ஏசிடிஎச் ஹார்மோனை அனுப்புவதைக் குறைத்துவிடுகிறது. சிறுநீரகத்தின் மேலுள்ள அந்த அட்ரீனல் சுருங்கிப்போகிறது, அது சுரக்கும் உடலின் சொந்த ஸ்டீராய்டான கார்டிசாலின் சுரப்பு பழைய நிலைக்குத் திரும்ப மாதங்கள்கூட ஆகலாம். அதனால்தான் மருத்துவர்கள் அளவைப் படிப்படியாகக் குறைக்கிறார்கள். சின்ன மாத்திரைதானே என்று எண்ண வேண்டாம்: 5 மில்லிகிராம் பிரெட்னிசோலோன், கார்டிசாலின் மருந்து வடிவமான ஹைட்ரோகார்டிசோன் 20 மில்லிகிராமுக்குச் சமம்.

சீட்டில்லாமல் கடையில் கேட்டு வாங்கும் நம் ஊர்ப் பழக்கத்தை நினைத்தால் பதறுகிறது. ஹைட்ரோகார்டிசோன் ஊசி போட்ட பிறகுதான் சித்தப்பா எழுந்து உட்கார்ந்தார்.