சோலார் பேனல் இருக்கட்டும், மண் ரிப்போர்ட் எங்கே?

மூடிக் கிடக்கும் ஆலை நிலத்தில் பசுமைக் குடியிருப்பு வரப்போகிறது என்றாலே முதலில் ஒரு படம் வந்துவிடும். மாடித் தோட்டம், சோலார் பேனல், சைக்கிளில் போகும் சிரித்த முகக் குடும்பம். தரைக்குக் கீழே இருப்பதை மட்டும் யாரும் வரைவதில்லை.

பல வருடம் உலோகமும் சாயமும் புழங்கிய மண்ணில் ஈயம், ஆர்செனிக், எண்ணெய்க் கழிவு எல்லாம் ஊறிக் கிடக்கும். பென்சீன் போன்ற நச்சு ரசாயனங்கள் ஆவியாகி, தரை விரிசல் வழியே படுக்கையறைக்கே ஏறி வரும். அமெரிக்காவின் லவ் கேனாலில் நடந்தது தெரியும்தானே? சுமார் 21,000 டன் ரசாயனக் கழிவு புதைத்த நிலத்தை ஹூக்கர் கெமிக்கல் நிறுவனம் 1953-ல் பள்ளி வாரியத்துக்கு எழுதிக் கொடுத்தது. விலை ஒரே ஒரு டாலர்! பள்ளிக்கூடம் வந்தது, சுற்றிலும் வீடுகள் வந்தன. 1978-ல் அவசர நிலை அறிவித்து மக்களை வெளியேற்ற வேண்டியதாயிற்று.

ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில் உள்ள ஹம்மார்பி ஷோஸ்டாட் பசுமைக் குடியிருப்பு என்றதும் எல்லாரும் குப்பையைக் குழாய் உறிஞ்சிக்கொண்டு போவதைத்தான் வாய் பிளந்து சொல்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு முன்னால் அங்கே தொழிற்சாலை மண்ணைச் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது. அந்த வேலையை யார் போட்டோ எடுத்துப் போடுகிறார்கள்?

சுலபமான வழி, மண்ணை அள்ளி லாரியில் ஏற்றி வேறு எங்காவது கொட்டுவது. விஷம் அப்படியே இருக்கும், முகவரிதான் மாறும். லண்டனில் 2012 ஒலிம்பிக் பூங்காவுக்காக அங்கேயே 'மண் ஆஸ்பத்திரி' வைத்து, தோண்டிய மண்ணைக் கழுவிப் பெரும்பகுதியை அங்கேயே பயன்படுத்தினார்கள். எனக்குப் பிடித்த பசுமை அதுதான்.

இன்னொரு வழியும் உண்டு. கெட்ட மண்ணை எடுக்காமல், அதன்மேல் பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் ஒரு வலை விரித்து, நல்ல மண்ணைக் கொட்டி மூடுவார்கள். பிற்பாடு தோண்டுகிறவர் கண்ணில் ஆரஞ்சு பட்டால் நிறுத்த வேண்டும். முறையாகச் செய்தால் தப்பில்லை. ஆனால் வீடு வாங்குகிறவருக்கு இது தெரிய வேண்டாமா? மண்ணைச் சோதிக்க எத்தனை இடத்தில் துளை போட்டார்கள், எவ்வளவு ஆழம், நிலத்தடி நீரையும் சோதித்தார்களா என்று மாடல் பிளாட் பார்க்கப் போகும்போதே கேளுங்கள். அப்புறம் இதையும் கேளுங்கள். சாவியைக் குடியிருப்போர் சங்கத்திடம் கொடுத்துவிட்டுக் கம்பெனி கிளம்பிவிடும். பத்து வருடம் கழித்து யாரோ ஒருவர் மரம் நடக் குழி வெட்டும்போது, அந்த வலை எங்கெங்கே இருக்கிறது என்று காட்டும் வரைபடம் யார் கையில் இருக்கும்?