விழுந்தவன் எழுந்தால் உங்களுக்கு என்ன நஷ்டம்?

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் நடந்ததை நான் மறுபடி விவரிக்கப் போவதில்லை. வீடியோ ராணிப்பேட்டையில் இருந்து ஆம்பூர் வரை எல்லா வாட்ஸப் குரூப்பிலும் சுற்றி முடித்துவிட்டது. நம் சிட்கோ தொழிற்பேட்டையில் ஷூ யூனிட் நடத்தி, கடனில் விழுந்து, மறுபடி எழுந்த அண்ணனுக்குச் சால்வை போட்ட கையோடு மைக்கை வாங்கி, "திவாலாவதும் ஒரு திறமைதான், எல்லாருக்கும் வராது" என்று சொன்ன பெரிய மனிதர் யார் என்று உங்களுக்குத் தெரியும். யார் யார் சிரித்தார்கள் என்பதும் தெளிவாகவே தெரிகிறது. முதல் வரிசையில் என் நண்பர்களும் இருந்தார்கள். ரொம்ப சந்தோஷம்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். கடனைக் கட்ட முடியாமல் போனவன் வேறு, கட்டாமல் ஏமாற்றியவன் வேறு. இந்த வித்தியாசம்கூடத் தெரியாமல்தான் இத்தனை வருஷம் வியாபாரம் செய்கிறோமா?

"பாலாற்றிலேயே தண்ணீர் இல்லை, இவர் படகுக்காரனுக்கு ஷூ தைக்கிறாராம்" என்று அண்ணனை ஆரம்பத்தில் இருந்தே கிண்டல் செய்தார்கள். அந்த ஷூவைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? 1935ல் பால் ஸ்பெர்ரி என்ற அமெரிக்கர், தன் நாய் பனியில் வழுக்காமல் ஓடுவதைக் கவனித்து, ரப்பர் சோலில் மெல்லிய கீறல்கள் போட்டுப் பார்த்தார். படகுத் தளத்தில் வழுக்காமல் நிற்கப் போடும் டெக் ஷூ அப்படி வந்ததுதான். அண்ணன் செய்வதும் அதைத்தான். படகுத் தளத்தில் கறை விழக் கூடாது என்று சோலை வெள்ளையாகப் போடுவார்கள். உப்புத் தண்ணீர் படுவதால் ஐலெட், அதாவது லேஸ் கோக்கும் வளையம், இரும்பில் இருக்கக் கூடாது. முன்பக்கத் தையல் கைத்தையல். குத்தூசியால் ஓட்டை போட்டு, மெழுகு நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோத்து, எதிரெதிராக இழுக்க வேண்டும். ஒரு இடத்தில் இழுப்பு தளர்ந்தாலும் அங்கே வாய் பிளந்துவிடும். நூல் விரலை அறுக்கும் என்பதால் அண்ணன் யூனிட்டில் அக்காக்கள் விரலில் சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றிக்கொண்டுதான் உட்காருவார்கள். நான் ஷூ ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசிங் வேலை பார்த்த காலத்தில் பெரிய கம்பெனிகளே இந்தத் தையலுக்கு அவரிடம்தான் ஆள் அனுப்புவார்கள்.

கடலே இல்லாத ஊர்தான், சரி. இதே வேலூரில் பிறந்த விஷ்ணு சரவணன் டோக்கியோ, பாரிஸ் என்று இரண்டு ஒலிம்பிக்கில் பாய்மரப் படகு ஓட்டினார். 2023 ஆசிய விளையாட்டில் வெண்கலமும் வாங்கினார். அன்றைக்குப் பெருமையாக ஸ்டேட்டஸ் வைத்தவர்கள்தான் இன்றைக்குச் சிரிக்கிறார்கள்.

அண்ணன் எப்படி விழுந்தார் என்று இங்கே பலருக்கும் தெரியும், தெரியாத மாதிரி பேசுகிறார்கள். படகுக்காரர்களின் சீசன் கோடை. அதனால் சரக்கு ஜனவரி, பிப்ரவரியில் கப்பலேற வேண்டும். 2020லும் ஏறியது. மார்ச்சில் ஐரோப்பா கதவைச் சாத்திக்கொண்டது. ஆர்டர் கொடுத்த வெளிநாட்டு பையர் சரக்கை எடுக்கவில்லை, துறைமுகத்தில் வாடகை ஏறிக்கொண்டே போனது. இங்கே அந்த ஆர்டரைக் காட்டி வாங்கிய பேக்கிங் கிரெடிட் என்ற வங்கிக் கடன் அப்படியே நின்றது, ஏற்றுமதிப் பணம் வந்தால்தானே அது கழியும்? மே மாதம் மத்திய அரசு அவசரக் கடன் திட்டம் கொண்டுவந்தது. ஏற்கெனவே இருக்கும் கடனில் 20 சதவீதம் வரைக்கும் மேலும் கடன். அதையும் வாங்கினார். பையர் கம்பெனியே இழுத்து மூடப்பட்ட பிறகு அதை எதை வைத்துக் கட்டுவது? 2021ல் கணக்கு என்பிஏ, அதாவது வாராக் கடன் ஆனது. அடமானச் சொத்தை வங்கியே எடுத்துக்கொள்ள வழிசெய்யும் சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் வந்தது. அப்புறம் கேட்டில் காகிதம் ஒட்டினார்கள், பேப்பரிலும் போட்டார்கள். அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து குரூப்பில் போட்ட புண்ணியவானும் நம் ஊர்தான்.

அவர் ஓடிப் போகவில்லை. வீட்டை விற்றார். வங்கியோடு உட்கார்ந்து பேசி ஒரு தொகையைக் கட்டிக் கணக்கை முடிக்கும் ஒன்டைம் செட்டில்மென்ட் முடித்தார். தன் பெயரில் ஷூ செய்வதை நிறுத்திவிட்டு, அடுத்தவர்களுக்கு ஜாப் ஒர்க்கில், அதாவது கூலிக்கு, அப்பர் என்ற ஷூவின் மேல்பாகத்தைத் தைத்துக் கொடுத்தார். முதலாளியாக இருந்தவர், அடுத்தவன் கம்பெனி வாசலில் பில்லோடு நின்றார். நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். மெதுவாக மறுபடி டெக் ஷூ, கூடவே பாய்மரப் படகில் கயிறு இழுக்கிறவர்கள் போடும் தோல் கையுறை. இப்போது பாதிப் பணம் அட்வான்ஸாக வராமல் தோலை வெட்டுவதில்லை. இதற்குத்தான் சால்வை போட்டார்கள். இதில் எந்த இடத்தில் திருட்டு இருக்கிறது, யாராவது காட்டுங்கள்.

"ஈசிஜிசி இன்ஷூரன்ஸ் எடுத்திருந்தால் இந்த நிலைமை வந்திருக்குமா?" என்று கமெண்டில் ஒருவர் வருவார். வெளிநாட்டு பையர் பணம் தராவிட்டால் ஈடு கொடுக்கும் அரசு காப்பீடு அது. வரட்டும். எடுத்திருக்கலாம்தான். லாபமே விளிம்பில் நிற்கும்போது எல்லா யூனிட்டும் முதலில் வெட்டும் செலவு எது என்று அவர் தன் ஆடிட்டரையே கேட்டுப் பார்க்கட்டும். "ஒரே பையரை நம்பலாமா?" நாற்பது பேர் வேலை செய்யும் யூனிட்டுக்குப் பத்து பையர் வரிசையில் நிற்கிறார்களா என்ன? "தொழிலாளிக்குச் சம்பளப் பாக்கி வைத்தாரே?" வைத்தார். அது தப்புதான், இல்லை என்று சொல்லவில்லை. அந்தப் பாக்கியை வாங்க வேண்டிய அக்காக்களே திரும்ப வந்து அதே பலகையில் உட்கார்ந்து தைக்கிறார்கள். கேட்க வேண்டியவர்கள் கேட்டுவிட்டார்கள், நடுவில் உங்களுக்கு என்ன வேலை?

இதில் நான் ஏன் இவ்வளவு சூடாகிறேன் என்று கேட்பீர்கள். என் அப்பாவுக்கு லைனிங் தோல் பதனிடும் சின்ன ஷாப்பில் பங்கு இருந்தது. 1996 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்தது. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு வசதி இல்லாத டேனரிகள் (தோல் பதனிடும் ஷாப்கள்) நவம்பருக்குள் அதைச் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் மூட வேண்டும். தீர்ப்பை நான் குறை சொல்லவில்லை. பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்தது நம் தொழில்தான், அந்தத் தண்ணீரைக் குடித்தவன் நான். பணம் இருந்தவர்கள் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் சேர்ந்துகொண்டார்கள், அப்பாவின் ஷாப் மூடியது. நான் பேசுவது அதற்குப் பிறகு நடந்ததை. மாதக் கணக்கு வைத்திருந்த மளிகைக் கடையில், நான் அரை கிலோ சர்க்கரை கேட்டு நிற்கும்போதே, கடைக்காரர் நோட்டைத் திறந்து அப்பாவின் பக்கத்தில் குறுக்கே கோடு போட்டார். அதுவரை ஒரு மாதம்கூட பாக்கி வைத்ததில்லை. என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, அடுத்த ஆளுக்குப் பருப்பு நிறுத்தப் போய்விட்டார். சொந்தக்காரர்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையும் அந்த வருஷம் தபாலில்தான் வந்தது. இரண்டு தெரு தள்ளி இருக்கும் வீட்டுக்குத் தபால்!

பெரியவர்கள் விழுந்தால் இந்த மாதிரி நடக்குமா? டிவி, பிரிட்ஜ் செய்த வீடியோகான் திவாலானபோது அதன் மேல் வந்த கடன் கோரிக்கை 60,000 கோடிக்கு மேல். வாங்க வந்தவர்கள் தருவதாகச் சொன்னது 3,000 கோடிக்கும் கீழே. 2021ல் கம்பெனி சட்டத் தீர்ப்பாயம் அதற்கு முதலில் ஒப்புதலும் கொடுத்தது, அப்பீலில்தான் நிறுத்தினார்கள். அதைப் பற்றி எந்த மேடையில் சிரித்தீர்கள்? வெளிநாட்டில் பாருங்கள், இதே படகு வியாபாரத்தில் ஹென்றி லாயிட் என்று ஒரு கம்பெனி, 1963ல் மான்செஸ்டரில் தொடங்கியது, படகுக்காரர்களுக்கு உடை செய்கிறவர்கள். 2018ல் நொடித்துப் போனது. ஸ்வீடன்காரர்கள் வாங்கி மறுபடி நடத்துகிறார்கள். அதைப் பாரம்பரிய பிராண்டின் மறுவருகை என்று நாமே ஷேர் செய்வோம். சிட்கோவில் ஒருத்தர் அதையே சொந்தக் கையால் செய்தால் மட்டும் சிரிப்பு வருகிறது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது, அரசு கைகொடுக்க வேண்டும் என்று பெரிய கம்பெனிகளும்தான் குரல் கொடுத்தன. கொடுக்கட்டும், நானும் அதைத்தான் சொல்கிறேன். அப்போது அவர்களை யாரும் திறமைசாலி என்று நக்கல் அடிக்கவில்லையே.

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். அந்த மேடைப் பெரிய மனிதரின் கம்பெனிக்கும் அண்ணன் ஜாப் ஒர்க் தைத்துக் கொடுத்தார். சிறு தொழில்காரனுக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் கொடுத்தாக வேண்டும், தவறினால் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி என்று 2006ல் இருந்தே சட்டம் இருக்கிறது. அந்த பில் இன்னும் வரவில்லை. அண்ணன் கேஸ் போட மாட்டார், போட்டால் அடுத்த ஆர்டர் வராது. அந்தத் தைரியத்தில்தான் மைக்கைப் பிடிக்கிறார்கள்.

கமெண்டில் வந்து எனக்கு வியாபார ஒழுக்கம் கற்றுத் தர நினைக்கிறவர்கள் தாராளமாக வரலாம். ஐயாவும் வரலாம். வரும்போது அந்த பில்லுக்குச் செக் போட்டுவிட்டு வரட்டும். வட்டியைக்கூட அண்ணன் கேட்கவில்லை.