ஸ்கெக்னெஸ்: ஆயிரம் பேருக்கு எத்தனை என்ற கணக்கு

இங்கிலாந்தின் கடற்கரைச் சுற்றுலா ஊரான ஸ்கெக்னெஸ் ஆபத்தான ஊர் என்று, ஆயிரம் பேருக்கு இத்தனை குற்றம் என்ற கணக்கை வைத்துக் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். அங்கே நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் சுமார் 20,000 பேர்தான். கோடையில் வந்து போகிறவர்களோ லட்சக்கணக்கில். சுற்றுலா வந்தவரிடம் பர்ஸ் அடித்தாலும் குற்றம் ஊர்க்கணக்கில் ஏறும்; ஆனால் ஊர் மக்கள்தொகையால் வகுக்கும்போது அந்தப் பயணி மட்டும் காணாமல் போய்விடுவார்!

போலீஸ் இணையதளத்தின் குற்ற வரைபடத்தையும் அப்படியே நம்ப வேண்டாம். அதில் புள்ளி இருப்பது குற்றம் நடந்த வாசலில் அல்ல, பக்கத்தில் ஏதோ ஒரு பொது இடத்தில். ‘வன்முறை, பாலியல் குற்றங்கள்’ என்ற தலைப்பில் அடிதடியோடு, காயமே இல்லாத தொந்தரவு, மிரட்டல் செய்தி எல்லாமும் சேரும்.

லெஸ்டரிலிருந்து வருடா வருடம் குடும்பத்தோடு போகிறோம். மணிக்கூண்டுப் பக்கம் இரவு பத்து மணிக்குக் குழந்தைகளோடு நடந்திருக்கிறோம், பயந்ததில்லை. சரி, குடித்துவிட்டுக் கத்துகிறவர்கள் உண்டு. ஒருமுறை கடையில் சாக்லேட் வாங்கப் போனால் அதைக்கூட கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்திருந்தார்கள். கடைத்திருட்டைப் புகார் செய்து அலுத்துவிட்டது என்றார் கல்லாவில் இருந்த அம்மா. புகாரே போகாத திருட்டு உங்கள் கணக்கில் எங்கே வரும்? அதைப் பற்றி ஒரு வரியாவது எழுதியிருக்கலாம்.