“க்ளோன் பண்ணிடுங்க, ஒரு மணி நேர வேலை” என்று சொன்ன புண்ணியவான்களுக்கு

பழைய ஹார்டு டிஸ்க்கைப் புதியதுக்கு க்ளோன் செய்வது, அதாவது உள்ளதை உள்ளபடியே நகலெடுப்பது பற்றி எந்த வீடியோவைப் பார்த்தாலும் ஒரே கதைதான். கேபிளைச் செருகு, மென்பொருளைத் திற, நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ். அந்த வீடியோவில் வருகிற பழைய டிஸ்க்கை யாராவது கவனித்தீர்களா? குத்துக்கல்லாட்டம் இருக்கும். ஒரு பேட் செக்டர், அதாவது படிக்க முடியாமல் பழுதான துண்டு, கிடையாது. அவ்வளவு ஆரோக்கியமான டிஸ்க்கை எவன் அய்யா அடித்துப் பிடித்து மாற்றுகிறான்? சாகக் கிடப்பதைத்தானே மாற்றுவான்! இந்த ஒரு சின்ன விஷயம் க்ளோன் மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு உறைக்கவே இல்லை. அதுதான் எரிகிறது.

மாமா டிடிபி கடை வைத்திருக்கிறார். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கும்பாபிஷேக நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர். விண்டோஸ் 7 ஓடும் ஒரு கம்ப்யூட்டர், அதில் 500 ஜிபி டிஸ்க். கொஞ்ச நாளாக ஒரு ஃபைலைத் திறந்தால் கட்... கட்... என்று உள்ளே சத்தம், மவுஸ் உறைந்து நிற்கும், அப்புறம் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும். “மாப்ளே, ஒரு எட்டு வந்து பார்த்துட்டுப் போ” என்றார். குடும்பத்தில் கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்று பெயர் வாங்கியவனுக்கு விடுமுறை ஏது?

எனக்கு முன்னால் ஒரு சர்வீஸ் தம்பி வந்து பார்த்திருக்கிறார். ஒரே வைத்தியம்: “ஃபார்மட் அடிச்சு விண்டோஸ் 10 போட்டுடலாம்ணே, சுத்தமா இருக்கும்.” சுத்தமாகத்தான் இருக்கும் தம்பி, துடைத்து வைத்த மாதிரி. மாமா பத்திரிகை வடிவமைப்பது பேஜ்மேக்கரில். அதன் 7-ஆம் பதிப்பு வந்தது 2001-ல். அதுதான் அதன் கடைசிப் பதிப்பு. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோட் அதற்குத் தெரியாது. தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது, ரொம்ப சந்தோஷம், ஆனால் மாமாவின் இத்தனை வருட ஃபைல்களும் அதற்கு முந்தைய எழுத்துருக்களில் கிடக்கின்றன. அந்த ஃபான்ட் போனால் “திருமண அழைப்பிதழ்” என்று இருந்த இடத்தில் ஆங்கில எழுத்தும் கேள்விக்குறியும் கைகோத்து நிற்கும். அந்த ஃபான்ட்டையும் விசைப்பலகையையும் தருகிற மென்பொருளின் சிடியில் கோடு விழுந்துவிட்டது. விற்ற கம்பெனியும் கடையை மூடியாயிற்று. எல்லாவற்றையும் இருக்கிற மேனிக்கே புதிய டிஸ்க்குக்கு நகர்த்துவதைத் தவிர வேறு வழியில்லை. க்ளோன் என்பது இதற்குத்தானே?

முதலில் டிஸ்க்கின் நிலைமையைப் பார்க்கலாம் என்றால், விண்டோஸைக் கேட்டால் “ஓகே” என்கிறது. மவுஸே நகரவில்லை, ஓகேவாம்! டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்லும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவைப் போட்டேன். மஞ்சள் நிறத்தில் “காஷன்”. சி5 என்ற வரி, படிக்க முடியாமல் நிலுவையில் கிடக்கும் செக்டர்களின் கணக்கு: வரிசையாகப் பூஜ்யம், கடைசியில் பி8. என்ன பி8? அந்த மென்பொருள் எண்களைப் பதினாறடிமானத்தில்தான் (9-க்குப் பிறகு ஏ முதல் எஃப் வரை) காட்டும், நாமாகப் போய் அமைப்பை மாற்றினால் ஒழிய. பி8 என்றால் 184. செக்டருக்கு 512 பைட் வீதம் 92 கேபி. 500 ஜிபியில் பழுது வெறும் 92 கேபி. இந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மஞ்சள் காட்டியதே அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும். 2007-ல் கூகுள் ஆட்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை வைத்து ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். செத்துப்போன டிஸ்க்குகளில் பாதிக்கு மேல், 56 சதவீதம், டிஸ்க் தன்னைத்தானே கண்காணித்துச் சொல்லும் ‘ஸ்மார்ட்’ எச்சரிக்கைகளில் முக்கியமான நான்கில் ஒன்றைக்கூடக் காட்டாமலே போய்ச் சேர்ந்தவை. ஸ்கேனில் முதல் பிழை தெரிந்த டிஸ்க் அடுத்த 60 நாளில் சாகும் வாய்ப்பு, பிழை இல்லாததைவிட 39 மடங்கு. ஆக மஞ்சள் வந்தால் நின்று யோசிக்க நேரமில்லை.

மாமா ஏற்கெனவே சென்னை போன ஒருவரிடம் சொல்லி ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்து எஸ்எஸ்டி, அதாவது சுற்றும் தட்டு இல்லாத டிஸ்க், வரவழைத்து வைத்திருந்தார். 480 ஜிபி. பழையது 500. சி டிரைவ், டி டிரைவ் இரண்டிலும் சேர்த்து இருக்கிற சரக்கு 130 ஜிபிகூட வராது. முதல் மென்பொருளில் போட்டால்: இலக்கு டிஸ்க் சிறியது, முடியாது. ஏனாம்? பழையதில் 500,107,862,016 பைட், புதியதில் 480,103,981,056 பைட். காலி இடத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டு தானாகச் சுருக்கத் தெரியாதா? தெரியும், பணம் கட்டினால். இலவசம் என்று இறக்கி, டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து, எல்லாவற்றையும் அலசிவிட்டு, “தொடங்கு” என்று அழுத்துகிற அந்த நொடியில் மேலே வந்து விழுகிறது விலைப்பட்டியல். இதை முதல் பக்கத்திலேயே எழுதினால் குடியா முழுகிவிடும்?

சரி, சிறியதுக்கு மாற்ற இவர்கள் சொல்லும் இலவச வழி என்ன தெரியுமா? பழைய டிஸ்க்கில் பார்ட்டிஷனை, அதாவது சி, டி என்று பிரித்த பகுதியை, முதலில் சுருக்கிக்கொள்ள வேண்டுமாம். அதாவது மூச்சு இழுத்துக்கொண்டிருக்கும் டிஸ்க்கில் கடைசியில் கிடக்கும் ஃபைல்களை எல்லாம் அள்ளி முன்னால் எழுத வேண்டும். படிக்கவே திணறுகிறதில் எழுதச் சொல்கிறார்கள்! இதை எழுதியவர் கையில் ஒரு தடவையாவது சாகிற டிஸ்க் இருந்திருக்குமா?

எஸ்எஸ்டியைத் திருப்பிக் கொடுக்கலாம் என்றால் பிரித்த டப்பாவை எடுக்க மாட்டார்களாம். கடைசியில் என்னிடம் இருந்த 1 டிபி வெளி டிஸ்க்கைக் கொண்டு வந்தேன். முதலில் அதற்கு க்ளோன், அங்கே சுருக்கல், அப்புறம் எஸ்எஸ்டிக்கு. சுற்றிவளைத்த வழிதான், ஆனால் பழையதைத் தொந்தரவு செய்யாத வழி.

இப்போது இலக்கு பெரியது. இனி என்ன தடை? வேறொரு மென்பொருளில் தொடங்கினேன். நொடிக்கு 100 எம்பி படித்தால் 500 ஜிபிக்கு ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. “மீதமுள்ள நேரம்: 4 நிமிடம்” என்று ஒரு கட்டத்தில் சொன்னது. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தாலும் 4 நிமிடம். இருட்டின பிறகும் அதே 4 நிமிடம். அப்புறம் ஒரு பெட்டி: படிப்பதில் பிழை, ஒரு எண், கீழே ஒரே ஒரு பட்டன், “ஓகே”. எது ஓகே? 92 கேபிக்காக அதுவரை எடுத்த மொத்தத்தையும் தூக்கி எறிந்துவிட்டு, மறுபடி பூஜ்யத்திலிருந்து வா என்கிறது. விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி கிடையாது. நடுவில் கரன்ட் போனாலும் இதே கதி. பெரிய சினிமாவை டவுன்லோடு செய்யும்போது பாதியில் நின்றால் தொடர்கிறதே, ஒரு குடும்பத்தின் பிழைப்பு இருக்கிற டிஸ்க்குக்கு மட்டும் ஏன் அந்த வசதி இல்லை?

இத்தனைக்கும் இதன் பின்னால் இருப்பது ரகசியம் ஒன்றும் இல்லை. வீட்டுக் கம்ப்யூட்டருக்கு விற்கிற டிஸ்க் ஒரு செக்டரைப் படிக்க முடியாவிட்டால் பத்து நொடி, இருபது நொடி, சில சமயம் இன்னும் அதிகமாக, திரும்பத் திரும்ப முயன்றுகொண்டே இருக்கும். பல டிஸ்க்குகளை நெட்வொர்க்கில் வைக்கும் நாஸ் பெட்டிக்கு விற்கும் டிஸ்க் என்றால் ஏழு நொடி வாக்கில் கைவிட்டுவிடும். ஒவ்வொரு முயற்சிக்கும் டிஸ்க்கைப் படிக்கும் தலை போய் வந்து போய் வந்து தேய்கிறது. இது தெரிந்தவன் என்ன செய்வான்? முடியாத இடத்தை அப்படியே விட்டுத் தாண்டிப் போய், நல்ல இடங்களை முதலில் அள்ளுவான். மிச்சத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இதற்கு நடுவே ஆலோசனைத் திலகங்கள். “செக்டிஸ்க் ஸ்லாஷ் ஆர் போட்டுட்டு க்ளோன் பண்ணுங்க, சரியாயிடும்.” அது விண்டோஸின் டிஸ்க் சோதனைக் கட்டளை, மொத்த டிஸ்க்கையும் ஒரு முறை குடைந்து, பழைய டிஸ்க்கிலேயே திருத்தி எழுதும் வேலை. நகல் கையில் வருவதற்கு முன் அதைச் செய்யச் சொல்பவரை என்ன செய்யலாம்? இன்னொருவர் இன்னும் ஒரு படி மேலே போய், டிஸ்க்கைப் பாலித்தீன் பையில் சுற்றி ஃப்ரீசரில் வைக்கச் சொன்னார். நம் ஊர்க் காற்றில் ஃப்ரீசரிலிருந்து எடுத்த பால் பாக்கெட் அடுத்த நிமிடம் எப்படி வியர்க்கும் என்று பார்த்ததில்லையா அவர்?

வேலையை முடித்துக் கொடுத்தது டிடிரெஸ்க்யூதான். லினக்ஸ் பென்டிரைவில் பூட் செய்து ஓட்ட வேண்டும். அந்தோனியோ டியாஸ் டியாஸ் என்ற ஒருவர் எழுதியது, க்னூ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தைச் சேர்ந்தது, ஒரு பைசா கிடையாது. நல்ல இடங்களை முதல் சுற்றில் அள்ளும், தகராறு பிடித்த இடங்களைத் தாண்டும், எது வந்தது எது வரவில்லை என்று ஒரு மேப் ஃபைலில் குறித்துக்கொண்டே போகும். நிறுத்தலாம், கரன்ட் போகலாம், அந்த ஃபைல் இருந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். கறுப்புத் திரையில் ஓடும் இந்த ஒற்றைக் கட்டளைக்கு இருக்கிற புத்தி, கலர் கலராகப் பொத்தான் வைத்துக் காசு கேட்கிறவர்களுக்கு இல்லை.

அதற்காக அதையும் சும்மா விட முடியாது. டிடிரெஸ்க்யூ வேறு, நடுவில் அடிக்கோடு போட்ட டிடி_ரெஸ்க்யூ வேறு, இரண்டும் வேறு வேறு ஆள் எழுதியவை. டெபியன் என்ற லினக்ஸ் வகையில் நமக்கு வேண்டியதை நிறுவ, முன்னால் ஒரு ஜி சேர்த்து ஜிடிடிரெஸ்க்யூ என்று கேட்க வேண்டும், ஓட்டும்போது அந்த ஜி இருக்காது. எது பழைய டிஸ்க், எது புதியது என்பதற்கு இருக்கிற ஒரே வித்தியாசம் லினக்ஸ் டிஸ்க்குகளுக்கு வைக்கும் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்களின் கடைசி எழுத்து. மாற்றி அடித்தால் காலி டிஸ்க்கை எடுத்து மாமாவின் பிழைப்பின் மேல் ஊற்றிவிடும், ஒரு வார்த்தை கேட்காது. க்ளோன்ஸில்லா என்று தைவான்காரர்கள் செய்த நல்ல கருவி ஒன்று இருக்கிறது. அதிலும் பேட் செக்டரைத் தாண்டிப் போகும் வசதி உண்டு. எங்கே? எக்ஸ்பர்ட் மோடுக்குள்ளே. எக்ஸ்பர்ட்டின் டிஸ்க்தான் கெட்டுப்போகும் போல.

எப்படியோ ஏறக்குறைய எல்லாமே வந்துவிட்டது. வராத இடத்தில் எந்த ஃபைல் இருந்தது என்று கண்டுபிடிப்பது தனிக் கதை, அதை இங்கே ஆரம்பித்தால் முடியாது. சுருக்கி, எஸ்எஸ்டிக்கு மாற்றி, விண்டோஸ் 7-இன் அந்த 100 எம்பி பூட் பார்ட்டிஷனையும் மறக்காமல் சேர்த்து, பழையதைக் கழற்றி வைத்துவிட்டு பட்டனைத் தட்டினேன். கண் மூடித் திறப்பதற்குள் டெஸ்க்டாப். மாமாவுக்கு வாயெல்லாம் பல். பேஜ்மேக்கர் திறந்தது. தட்டச்சு மென்பொருளைத் திறந்தால்: “லைசென்ஸ் செல்லாது.”

பார்ட்டிஷனின் சீரியல் எண் டிஸ்க்கில் எழுதியிருப்பது, க்ளோனில் கூடவே வந்துவிடும். ஆனால் டிஸ்க்கைச் செய்த ஆலை அதற்கென்று கொடுத்த சீரியல் எண் டிஸ்க்கின் ஃபர்ம்வேரில், அதாவது அதற்குள்ளேயே பதித்த மென்பொருளில், இருக்கிறது. அதை எந்தக் க்ளோனும் நகலெடுக்காது. இந்த மென்பொருள் தேடுவது அதைத்தான். கெட்டுப்போகும் என்று உலகத்துக்கே தெரிந்த ஒரு பாகத்தோடு லைசென்ஸைக் கட்டிவைக்கிற மூளையை எங்கே போய் முட்டிக்கொள்வது? திருட்டு நகல் வைத்திருந்தவனெல்லாம் நிம்மதியாக இருக்கிறான், பில் போட்டுக் காசு கொடுத்து வாங்கிய மாமா மாட்டிக்கொண்டார்.

பழைய டிஸ்க்கை மறுபடி செருகியதும் மென்பொருள் திறந்துகொண்டது. டிஸ்க்கை அடையாளம் காண அதில் எழுதியிருக்கும் சிக்னேச்சரும் க்ளோனில் வந்து இரண்டிலும் ஒன்றாகிவிட்டதால் விண்டோஸ் பழையதை ஆஃப்லைனில் வைத்துவிட்டது. அதில் ஒரு ஃபைலைக்கூடத் தொட முடியாது. சீரியல் எண்ணைக் கேட்டால் சொல்வதற்காக மட்டும் அது சுற்றிக்கொண்டிருக்கிறது. அது நின்றுபோனால் என்ன செய்வது என்று சிடி டப்பாவைப் புரட்டினேன். பின்னால் உதவி எண் இருந்தது, ஏழு இலக்கச் சென்னை நம்பர். சென்னை நம்பர்கள் பிற்பாடு எட்டு இலக்கமானதால் முன்னால் 2 சேர்த்து அடித்துப் பார்த்தேன். ஒரு பல் ஆஸ்பத்திரியில் எடுத்தார்கள். அப்பாயின்ட்மென்ட் காலையிலா சாயங்காலமா என்று கேட்டார்கள்.