கண்ணால் தட்டுகிறவருக்கும் இடம் விடுங்கோ

யாழ்ப்பாணத்தில் இணையத்தளம் செய்து பிழைக்கிற தம்பி, தங்கச்சிமாருக்குத்தான் இந்தப் பதிவு. மற்றவர்களும் வாசிக்கலாம்.

எங்கள் ஒழுங்கையில் ஓர் அண்ணை இருக்கிறார். யுத்தத்தில் முள்ளந்தண்டு அடிபட்டு, கழுத்துக்குக் கீழே அசைவில்லை. வெளிநாட்டிலிருந்து தங்கச்சி அனுப்பிய ஐபாட்டைக் கண்ணாலேயே இயக்குகிறார். 2024இல் வந்த ஐபாட் ஓஎஸ் 18இல் அந்த வசதி உள்ளேயே இருக்கிறது. முன் கமரா பார்வை போகும் இடத்தைக் கணிக்கும். ஓரிடத்தில் கண் கொஞ்சம் நிலைத்தால் தட்டியதாக எடுத்துக்கொள்ளும். விண்டோஸில் 2017இலேயே வந்துவிட்டது, ஆனால் அதற்குத் தனிக் கருவி வாங்கவேண்டும்.

சரி, கருவி வந்தாயிற்று. தளங்கள்?

மரண அறிவித்தல் பார்க்காமல் எங்கட ஆட்களுக்குக் காலைத் தேத்தண்ணி இறங்காது. அண்ணையும் அதைத்தான் முதலில் திறப்பார். நடுவில் ஒரு விளம்பரம் வந்து குந்தும். அதை மூடுகிற பெருக்கல் குறி எறும்பளவு. பார்வைக் கணிப்போ நல்ல கருவியிலேயே ஒரு பாகை வரை விலகலாம். கையெட்டும் தூரத்துத் திரையில் அது ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர். குறியைப் பார்த்தால் விளம்பரம் திறக்கிறது. திரும்பி வந்தால், பிந்தி ஏறிய படமொன்று பக்கத்தையே கீழே தள்ளிவிட்டிருக்கும்.

எங்களுக்குக் கண் பார்க்கும், கை தட்டும். அவருக்கு இரண்டும் கண்ணின் வேலை. வரிக்கு வரி இணைப்பு வைத்த கட்டுரையில் ஒரு சொல்லில் தயங்கி நின்றால் வேறு பக்கத்துக்குப் போய்விடுவார். பில் கட்டுகிற தளமொன்று, அவர் பெயரை எழுத்து எழுத்தாகப் பார்த்து முடிக்குமுன் ‘நேரம் முடிந்தது’ என்று வெளியே தள்ளுகிறது. யாருக்கு அவ்வளவு அவசரம்?

எல்லாரும் பாவிக்கக்கூடியதாக இணையத்தளம் செய்வதற்கான சர்வதேச வழிகாட்டி டபிள்யூசிஏஜி (WCAG). 2023இல் வந்த அதன் 2.2ஆம் பதிப்பு, பட்டன் குறைந்தது 24க்கு 24 பிக்சல் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் சுற்றிப் போதிய இடைவெளி வேண்டும் என்கிறது. ஐபாட்டில் 24 பிக்சல் அரைச் சென்ரிமீற்றரும் வராது. என்னைக் கேட்டால், அதே ஆவணத்தின் உயர்மட்ட அளவான 44ஐ வையுங்கோ. பட்டனைப் பட்டனாகவே எழுதுங்கோ. வெறும் டிவ்வுக்கு (div, பக்கத்தில் ஒரு பெட்டி மட்டும்தான்) கிளிக் போட்டுவிட்டால் உதவிக் கருவிகளுக்கு அது பட்டன் என்றே தெரியாது.

“அழகு கெட்டுவிடும், கஸ்டமர் கேட்கமாட்டார்” என்பீர்கள். கஸ்டமர் பாதுகாப்புச் சான்றிதழும்தான் கேட்பதில்லை, போட்டுக் கொடுக்கிறோமே! மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐநா சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்றுக்கொண்டது. அதன் 9ஆம் உறுப்புரை கட்டடத்தோடு இணையத்தையும் சேர்த்தே சொல்கிறது. சாய்தளம் இல்லாத கந்தோரைத் திட்டுகிற நாங்கள், எங்கள் கைவேலையைப் பற்றி மூச்சு விடுவதில்லை.

ஐபோன் 12 அல்லது அதற்குப் பிந்தியது கையில் இருந்தால், செட்டிங்ஸில் கண் தடமறிதலைப் போடுங்கோ. கடைசியாகச் செய்து கொடுத்த தளத்தைத் திறந்து, கையைக் கட்டிக்கொண்டு தொடர்புப் படிவத்தை நிரப்பிப் பாருங்கோ. எவ்வளவு நேரம் எடுத்தது என்று கீழே எழுதுங்கோ.