வேகம் முக்கியமா?

அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளுக்கான நுழைவுத் தேர்வு எம்கேட். அதில் உரையை வாசித்து அலசி விடையளிக்கும் கார்ஸ் (CARS) பகுதிக்கு வேக வாசிப்புப் பயிற்சிதான் முதல் தேவை என்கிறது ஒரு கட்டுரை. எனக்கு உடன்பாடில்லை. 90 நிமிடம், 9 உரைப்பகுதிகள், 53 கேள்விகள். உரைப்பகுதிக்குப் பத்து நிமிடம் என்று பிரித்தால் நிதானமாக ஒருமுறை வாசிக்கலாம். தத்துவமோ கலையோ, எது வந்தாலும் விடைக்கு ஆதாரம் உரைக்குள்ளேயே இருக்கும். வெளியில் படித்ததைக் கொண்டுவந்தால் கெடுத்துவிடும். உயிரியலில் புலிகள் இங்கே சறுக்குவது பெரும்பாலும் அதனால்தான்.

நல்ல ட்யூஷன் ஆசிரியர் விடையைச் சொல்லிவிட்டு நகரமாட்டார். "மற்ற மூன்றையும் ஏன் தள்ளினாய், எந்த வரியை வைத்து?" என்று குடைவார். குறுக்குவழி விற்பவரிடம் (நிறையப் பேர் இருக்கிறார்கள்) பணம் கட்டுவதற்குப் பதில், தேர்வை நடத்தும் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கத்தின் (ஏஏஎம்சி) பயிற்சித் தாள்களை வாங்கித் தவறிய கேள்விகளை அலசலாம்.