அந்தப் பிள்ளை சொன்னது சரி, போத்தல் பழுது

போன ஞாயிறு எங்கள் விழா மண்டபத்தில் எடுத்த காணொளியை அநேகமாக எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்கு நான் இணைப்புத் தரப்போவதில்லை. எங்கள் பிள்ளை ஒருத்தி வைன் கிளாஸை மூக்கடியில் பிடிக்கிறாள், ஒரு வாய் எடுக்கிறாள், கடதாசிக் கோப்பைக்குள் துப்புகிறாள். பின்னணியில் சிரிப்புச் சத்தம் சேர்த்திருக்கிறார்கள். கீழே எங்கள் சனத்தின் கருத்துகள். "துரைசானி வந்திட்டா." "பெத்தவை பாவம்." "குடிகாரி." அந்த மேசையில் நானும் இருந்தேன். அதே கிளாஸை வாங்கி நானும் மணந்து பார்த்தேன். அந்தப் பிள்ளை சொன்னது சரி. போத்தல் பழுதுதான்.

காணொளியில் வெட்டிவிட்ட பகுதி இதுதான். அவள் துப்பிவிட்டு, போத்தல் கொண்டுவந்தவரிடம் மிகவும் மெல்லிய குரலில், "மாமா, இதை ஊத்தாதைங்கோ, தக்கையில பழுது. கடையில குடுத்தா மாத்தித் தருவாங்கள்" என்றாள். அவ்வளவுதான். அதற்கு அவர், "உன்ர வயசுக்கு மேல நான் இந்த நாட்டில இருக்கிறன். எனக்குப் படிப்பிக்கிறியா? இது என்ன விலை தெரியுமா?" என்றார். மேசை சிரித்தது. யாரோ கைபேசியைத் தூக்கினார்கள். அவள் இங்கே சொமெலியே படிப்பு, அதாவது வைனைத் தேர்ந்து பரிமாறும் தொழிலுக்கான படிப்புப் படிக்கிறவள் என்பது அங்கே இருந்த பாதிப் பேருக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் சிரித்தார்கள்.

விலை தெரியுமா என்று கேட்டாரே, அதிலிருந்தே தொடங்குகிறேன். தக்கைப் பழுதுக்கு விலை தெரியாது. பிரெஞ்சுக்காரர் இதை 'பூஷோனே' என்பார்கள். தக்கையில் சில பூஞ்சணங்கள் குளோரின் கலந்த சேர்மங்களோடு சேர்ந்து டிசிஏ என்ற ஒரு பொருளை உண்டாக்கும். இதுதான் காரணம் என்று 1981 இல் சுவிட்சர்லாந்தில் கண்டுபிடித்தார்கள். ஒரு லீற்றர் வைனில், ஒரு கிராமை நூறு கோடியாகப் பிரித்து அதில் சில பங்கு இருந்தாலே போதும், பழகிய மூக்குக்குப் பிடிபட்டுவிடும். நனைந்த கடதாசி மட்டை, பூட்டிக்கிடந்த நிலவறை, அந்த மணம். அதைவிட மோசம் என்னவென்றால், பழத்தின் மணத்தை அது அப்படியே அமுக்கிவிடும். அன்று வந்தது ஒரு சன்தெமிலியோன், போர்தோ வட்டாரத்துச் சிவப்பு வைன். பெரும்பகுதி மெர்லோ திராட்சை. பிளம்ஸ் மணக்க வேண்டும், கொஞ்சம் வயதானால் தோலும் புகையிலையும் வர வேண்டும். அந்தக் கிளாஸில் ஈர மட்டை மட்டுமே இருந்தது. உடம்புக்கு அதனால் கெடுதல் இல்லை. ஆனால் குடிக்கிறதற்கு அதில் எதுவும் மிச்சமில்லை. நூறு யூரோ போத்தலிலும் வரும், ஆறு யூரோ போத்தலிலும் வரும்.

ரெஸ்ரோரண்டில் போத்தலைத் திறந்து முதலில் உங்கள் கிளாஸில் ஒரு சொட்டு ஊற்றிக் காத்து நிற்கிறார்களே, அது எதற்கு என்று நினைக்கிறீர்கள்? உங்களுக்குப் பிடித்திருக்கிறதா என்று கேட்பதற்கு அல்ல. பழுது இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. அந்தப் பிள்ளை செய்ததும் அதே வேலைதான். மேசையில் இருந்தவர்களுக்கு ஊற்றமுதல் ஒருத்தி பார்த்துச் சொன்னாள். நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் காணொளி எடுத்தோம்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று உள்பெட்டியில் இரண்டு பேர் கேட்டார்கள். சொல்கிறேன்.

நான் பாரிஸுக்கு வந்து செய்த முதல் வேலை கோப்பை கழுவுவது. உங்களில் எத்தனையோ பேர் அதைத்தான் செய்தீர்கள். இந்த நகரத்துக் குசினிகளில் நீராவிக்குள் நின்று கை வெளிறியவர்கள் நாங்கள். எங்கள் பத்ரோன், அதாவது முதலாளி, வயதான மனிதர், கோபக்காரர். சனிக்கிழமை இரவு கடை பூட்டும் நேரம், மேசைகளில் மிஞ்சிய நல்ல போத்தல் ஏதும் இருந்தால் குசினிக்குள் கொண்டுவருவார். ஒருநாள் எனக்கும் ஒரு கிளாஸ் நீட்டினார். நான் மூக்கடிக்குக் கொண்டுபோனேன். சவர்க்கார மணம்தான் வந்தது. அவர் பார்த்துவிட்டு, "கையைத் தண்ணியில மட்டும் கழுவிப்போட்டு வா" என்றார். கழுவினேன். "கிளாஸையும் தண்ணியில மட்டும் அலசு" என்றார். அலசினேன். பிறகு திரும்ப ஊற்றினார்.

அது ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கின் வடக்குப் பகுதி வைன், எர்மிதாஜ். சீரா என்ற திராட்சை. முதல் மணத்திலேயே நான், "மிளகு" என்றேன். பிரெஞ்சில் எனக்கு அப்போது அரைகுறை. ஆனால் அந்தச் சொல் தெரியும், ஏனென்றால் குசினியில் மிளகு அரைத்துக் கொடுப்பதும் என் வேலை. பக்கத்தில் நின்ற சமையல்காரன் தனக்கு ஒன்றும் மணக்கவில்லை என்றான். பத்ரோன் என்னை ஒருதரம் பார்த்தார். அடுத்த கிழமையிலிருந்து என்னையும் கூப்பிட்டு ஊற்றினார்.

அது என் கற்பனை இல்லை. 2008 இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் சீரா வைனில் மிளகு மணம் தரும் பொருளைக் கண்டுபிடித்தார்கள். அதன் பெயர் ரோட்டன்டோன். கறுப்பு மிளகில் இருப்பதும் அதே பொருள்தான். ஐந்தில் ஒருவருக்கு அந்த மணம் பிடிபடாது என்பதும் அவர்கள் சோதனையில் தெரிந்தது. லுவார் ஆற்றுப் பக்கம் ஷினோனில் செய்கிற கபெர்னே ஃபிரான் வைனில் குடைமிளகாய் மணப்பதும் இப்படித்தான், இரண்டிலும் ஒரே பொருள். இதையெல்லாம் பாசாங்கு என்கிறீர்கள். ரசத்தில் மிளகு கூடிவிட்டதென்று வாசலில் வரும்போதே சொல்கிற மூக்கு உங்களுக்கு இருக்கிறது. அதே மூக்கு கிளாஸுக்குள் போனால் மட்டும் வேஷமா?

"அண்ணை, நிபுணர்களே ஏமாந்துபோனார்கள், வெள்ளை வைனுக்குச் சாயம் போட்டுக் கொடுத்தபோது சிவப்பு என்றார்கள்" என்று ஒருவர் கட்டுரை அனுப்பியிருந்தார். நல்லது. அந்த ஆய்வு 2001 இல் போர்தோவில் வந்தது. 54 பேர், வைன் படிக்கிற மாணவர்கள். வெள்ளை வைனுக்கு மணமில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். மாணவர்கள் சிவப்பு வைனுக்குரிய சொற்களை எழுதினார்கள். உண்மை. ஆனால் இது சிவப்பா வெள்ளையா என்று கண்டுபிடியுங்கள் என்று அவர்களிடம் கேட்கவில்லை. கண் மூக்கை இழுத்துக்கொண்டு போகும் என்பதைத்தான் அந்த ஆய்வு காட்டியது. அதனால்தான் தொழில்காரர் லேபிளை மூடிவைத்துச் சுவைக்கிறார்கள், சில இடங்களில் நிறம் தெரியாத கறுப்புக் கிளாஸே கொடுக்கிறார்கள். தங்கள் பலவீனத்தைத் தாங்களே அளந்து பார்க்கிற கூட்டத்தைப் பார்த்து ஏமாற்றுக்காரர் என்பது என்ன நியாயம்?

1976 மே மாதம் பாரிஸில் நடந்ததையும் சொல்கிறேன். ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய வைன் வியாபாரி பிரெஞ்சு நடுவர்களைக் கூப்பிட்டு, போத்தலை மறைத்து, பிரெஞ்சு வைன்களையும் கலிபோர்னியா வைன்களையும் கலந்து கொடுத்தார். சிவப்பில் முதலில் வந்தது ஸ்டாக்ஸ் லீப் என்ற கலிபோர்னியத் தோட்டத்தின் 1973 வைன். இரண்டாவதாகத்தான் போர்தோவின் பெயர்பெற்ற மூத்தோன் ரோத்ஷில்ட் வந்தது. பிரெஞ்சுக்காரருக்குப் பெரிய அவமானம் என்று எல்லோரும் எழுதினார்கள். எனக்கு அதில் மரியாதைதான் வருகிறது. பெயர் தெரியாதபோது தங்கள் நாட்டையே கீழே போடுகிற அளவுக்கு அவர்களுடைய நாக்கு நேர்மையாக இருந்தது. எங்கள் மண்டபத்தில் யாருக்கு அந்த நேர்மை இருந்தது? அந்தப் பிள்ளைக்கு இருந்தது. மாமா கொண்டுவந்தது, விலை கூடினது, எல்லோரும் பார்க்கிறார்கள், இத்தனையையும் தாண்டி, பழுது என்று சொன்னாள்.

பணக்காரர் விளையாட்டு என்று சொல்கிறவர்களுக்கு. ஒரு பக்கம் சரிதான். 1855 இல் பாரிஸ் கண்காட்சிக்காக போர்தோ தரகர்கள் எழுதிய வைன் தோட்டங்களின் தரவரிசையே சந்தை விலையைப் பார்த்து எழுதியதுதான். அதில் இன்றுவரை செய்த பெரிய மாற்றம், 1973 இல் மூத்தோனை முதல் தரத்துக்கு ஏற்றியது ஒன்றுதான். பூர்கோஞ் வட்டாரத்தில் ரொமானே கோந்தி தோட்டம் இரண்டு ஹெக்டேர்கூட இல்லை, அதன் போத்தலை நானோ நீங்களோ காசு கொடுத்து வாங்கப்போவதில்லை. ஆனால் பத்து யூரோவுக்கு நல்ல ஷினோன் கிடைக்கிறது. பொஜொலே வட்டாரத்தில் மோர்கோன் என்ற சிவப்பு வைன் கிடைக்கிறது. கொஞ்சம் குளிரவைத்துக் குடித்தால் ஆட்டிறைச்சிக் கறிக்கே தாங்கும். அன்று உங்கள் மேசைகளில் நின்ற விஸ்கிப் போத்தல் ஒவ்வொன்றும் அதைவிட எத்தனை மடங்கு விலை என்று எனக்குத் தெரியும். அதை ஐஸும் கோலாவும் ஊற்றிக் குடித்தவர்கள் யாரையும் ஒருவரும் காணொளி எடுக்கவில்லை. இரவு பதினொரு மணிக்கு வாகனத் தரிப்பிடத்தில் நடந்த சண்டையையும் எடுக்கவில்லை. ஒரு வாய் எடுத்துத் துப்பியவள்தான் குடிகாரி.

குடி எங்கள் குடும்பங்களை அழித்தது என்பதை நான் மறுக்க மாட்டேன். இந்த ஒரு எதிர்ப்புக்கு மட்டும் நான் தலை குனிந்து நிற்பேன். என் சொந்தத்திலும் ஒருவரைக் கல்லீரல் நோயில் கொடுத்திருக்கிறோம். வைன் இதயத்துக்கு நல்லது என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களை நானும் நம்புவதில்லை. இந்த நாட்டுச் சுகாதாரத் துறையே நாளுக்கு இரண்டு கிளாஸுக்கு மேல் வேண்டாம், அதுவும் ஒவ்வொரு நாளும் வேண்டாம் என்றுதான் சொல்கிறது. குடிக்காதவர் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுத் தொடங்க வேண்டாம். ஆனால் துப்புவது எதற்கு என்று ஒருதரம் யோசியுங்கள். ஒரு காலையில் முப்பது நாற்பது வைன் சுவைக்கிற தொழிலில், விழுங்கினால் நாலாவதோடு வேலை முடிந்துவிடும். அதனால்தான் சுவைக்கிற மேசையில் துப்புகிற வாளி இருக்கிறது. வாய்க்குள் எடுத்துக் காற்றை இழுத்தால் மணம் தொண்டை வழியே மூக்கின் பின்பக்கம் ஏறும். துவர்ப்பு பல்முரசில் பிடிக்கிறதா, மெல்லக் கரைகிறதா என்று பார்க்க வேண்டும். புளிப்பு எவ்வளவு, துப்பிய பிறகு எவ்வளவு நேரம் நிற்கிறது, எல்லாம் பார்த்தாயிற்று. போதை இல்லை. அவள் அன்று முழுவதும் தண்ணீர்தான் குடித்தாள். நான் பார்த்தேன்.

"இது எங்கள் பண்பாடு இல்லை" என்று எழுதியவர்களிடம்தான் எனக்கு மனம் அதிகம் நொந்தது. ஏனென்றால் அதே வாக்கியத்தை நான் மறுபக்கத்திலிருந்தும் கேட்டிருக்கிறேன். நான் குசினியிலிருந்து சாலுக்கு, அதாவது சாப்பாட்டு மண்டபத்துக்கு, ஏறி வைன் பரிமாறத் தொடங்கிய காலம். பத்ரோன் பூர்கோஞ் வைன் ஒன்றை, பழைய ஜெவ்ரே ஷாம்பெர்தானை, திறக்கச் சொல்லியிருந்தார். பினோ நுவார் என்ற திராட்சை, விளிம்பில் செங்கல் நிறம் வந்துவிட்டது. செர்ரிப் பழம் ஒதுங்கி, மழைக்குப் பின்னான காட்டுத் தரை, காளான், உலர்ந்த இலை எல்லாம் எழும்பி நிற்கிற வயது. திறந்த கையோடு சரிபார்த்துவிட்டுக் கொண்டுபோய், பழைய வைன், அதனால் டிகேன்டர் குடுவையில் ஊற்றவில்லை, காற்றுப் பட்டால் சீக்கிரம் ஓய்ந்துவிடும் என்று சொன்னேன். அந்த மேசை மனிதர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல், வைன் தெரிந்த ஆள் யாரையாவது அனுப்பு என்றார். பத்ரோன் வந்து, நான் சொன்னதையே சொன்னார். அந்த மனிதர் தலையாட்டினார்.

அந்த மனிதரும் எங்கள் மாமாவும் எனக்கு ஒரே ஆள்தான். ஒருவர் உன் நிறத்துக்கு இது தெரியாது என்றார். மற்றவர் உன் வயதுக்கும் உன் பாவாடைக்கும் இது தேவையில்லை என்றார். முப்பது நாற்பது வருடமாக இந்த ஊர்க்காரன் குடித்த கிளாஸை நாங்கள் கழுவலாம், கிறிஸ்டல் கிளாஸில் கறை போகத் துணியால் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கலாம், அதில் ஊற்றினதை மணந்து பார்த்து ஒரு கருத்துச் சொல்லக் கூடாது. அதைச் சொல்கிறவன் வெள்ளைக்காரனாக இருந்தால் இனவாதம் என்று நாங்களே பாரிஸில் எங்கள் கடைத்தெருவான லாச்சப்பலில் நின்று கத்துவோம். எங்கள் ஆளே சொன்னால் பண்பாடு.

லேபிளில் 'கிரான் க்ரூ', அதாவது உயர்தரத் தோட்டம், என்று போட்டிருந்ததாம், அதெப்படிப் பழுதாகும் என்று ஒருவர் கேட்டிருந்தார். சன்தெமிலியோனில் ஏராளமான தோட்டங்கள் அதைப் போடலாம். 1955 இல் தொடங்கிய தரவரிசையில் வருகிறவை வேறு, அங்கே 'கிளாஸே' என்றும் சேர்ந்திருக்கும். அந்தத் தரவரிசையே இனி வேண்டாம் என்று ஓசோன், ஷெவால் பிளாங் என்ற இரண்டு பெரிய தோட்டங்கள் 2021 இல் விலகிவிட்டன. இது எதுவும் தக்கைக்குத் தெரியாது. போத்தல் பழுது என்றால் பழுது.

பெரியவர் மனம் நோகும்படி சபையில் சொல்லியிருக்க வேண்டாம் என்கிறார்கள். சபையில் சொல்லவில்லை. பக்கத்தில் குனிந்து சொன்னாள். சபையாக்கியது அவர் குரலும் உங்கள் கைபேசியும்தான். இனி அவள் எங்கள் விழா எதற்கும் வரப்போவதில்லை என்று அவளுடைய அம்மா நேற்றுத் தொலைபேசியில் சொன்னார். படிப்பை விடச் சொல்லி அப்பா கேட்கிறாராம். ஒரு கெட்டுப்போன தக்கைக்காக.

மாமா இதைப் படிப்பார் என்று தெரியும். அண்ணை, பற்றுச்சீட்டு இருந்தால் போத்தலைத் தக்கையோடு வாங்கின கடைக்குக் கொண்டுபோங்கள், வைன் மிச்சமிருந்தால் அப்படியே இருக்கட்டும். நல்ல கடைக்காரர் ஒருதரம் மணந்து பார்த்துவிட்டு வேறு தருவார். அவர் என்ன சொன்னார் என்பதை, அந்தக் காணொளியைப் போட்ட அதே குழுவில் எழுதிவிடுங்கள்.

காணொளியைப் பகிர்ந்தவர்கள் நீக்கிவிடுங்கள். கீழே அந்தப் பிள்ளையின் பெயரையோ அவள் படிக்கிற இடத்தையோ எழுதினால் அழித்துவிடுவேன், எழுதியவரையும் நட்பிலிருந்து எடுத்துவிடுவேன். வைன் பற்றிக் கேள்வி இருந்தால் கேளுங்கள், இரவு வேலை முடிந்து வந்து பதில் எழுதுகிறேன்.